பாதி பானெட்

"இதைக் கொலைன்னே சொல்லலாம் அண்ணி," என்றேன்.

"செத்தது யாரு?"

"பானெட்டோட இடது பக்கம். வலது பக்கம் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு."

அண்ணி சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. காப்பீட்டு நிறுவனத்தில் வாகன சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். 'நான் மரத்தில் மோதவில்லை, மரம்தான் வந்து மோதியது' என்று சொன்ன லட்சோப லட்சம் பேரின் முகத்தையும் அவர்களுடைய நசுங்கிய தகரத்தையும் மாறி மாறிப் பார்த்து, எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்தவர். தகரம் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லையாம்.

நான் அவருடைய கணவரின் தம்பி. பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து, ஓட்டைப் பையிலிருந்தும் உண்மையை வரவழைத்தவன். ஆனால் துப்பறிய வேண்டும் என்றால் எல்லோரும் அண்ணியைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் கூடவே போவேன். அதனால் எனக்குக் 'கொசுறு' என்று பட்டப்பெயர். சூட்டியவர் அண்ணி. இதில் எனக்குப் பொறாமை கிடையாது என்று சொன்னால், அந்தப் பொய்யைத் தகரம்கூட நம்பாது.

நாங்கள் நின்றிருந்த பட்டறையில் எண்ணெய்க் கறையும் இல்லை, சுத்தியல் சத்தமும் இல்லை. கார்களுக்கான அழகு நிலையம் அது. காரைக் கழுவி, தேய்த்து, மெருகேற்றி, மேலே பூச்சு பூசி, சொந்தக்காரரே அடையாளம் தெரியாமல் திகைக்கும்படி அனுப்பி வைப்பார்கள். தரை என் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடச் சுத்தம். கூரை முழுக்க வெள்ளை விளக்குகள். கீழே நிற்பவன் சின்ன வயதில் செய்த திருட்டுகூட அந்த வெளிச்சத்தில் தெரிந்துவிடும்.

நடுவில் ஒரு பழைய கறுப்புக் கார். அதன் பானெட்டின் வலது பாதியில் எங்கள் முகம் தெரிந்தது. இடது பாதி, யாரோ வெந்நீரில் குளித்து முடித்த குளியலறைக் கண்ணாடிபோல் வெளுத்துக் கிடந்தது.

"உக்காருங்க மேடம்," என்று பட்டறை முதலாளி அண்ணிக்கு நாற்காலி போட்டார். எனக்கு ஒரு காலி பக்கெட்டைக் கவிழ்த்துக் காட்டினார். நான் நின்றுகொண்டேன். மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"ஷாம்பு, பாலிஷ், பூச்சு எல்லாத்தையும் இனிமே ஒரே கம்பெனிகிட்ட வாங்கலாம்னு இருக்கேன் மேடம். மூணு வருஷ ஒப்பந்தம். பயிற்சியும் அவங்களே குடுப்பாங்க. கடைசியா ரெண்டு கம்பெனி நின்னுச்சு. எங்க பழைய வண்டியைக் குடுத்து, நேத்து சாயங்காலம் ஆளுக்குப் பாதி பானெட் செஞ்சு காட்டச் சொன்னேன். நடுவுல டேப் ஒட்டி, வலது பக்கம் இவரோட ஆளு, இடது பக்கம் இவங்க."

'இவர்' என்றது ஒரு டையை. டைக்குப் பின்னால் ஒரு மனிதரும் இருந்தார், ஆனால் கண்ணில் முதலில் படுவது டைதான். பட்டு, ஊதா நிறம், பெல்ட்டைத் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தது. 'இவங்க' என்றது நீல ஓவரால் அணிந்த ஒரு பெண்மணியை. இன்னொரு கம்பெனியின் பயிற்சியாளர். கையில் மோதிரம் இல்லை, கடிகாரம் இல்லை, முகத்தில் சிரிப்பும் இல்லை.

"ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு இடது பக்கம்தான் பிடிச்சுது. இன்னிக்குக் கையெழுத்துப் போடலாம்னு காலைல வந்து பார்த்தா, இப்படி."

"சாயம் வெளுத்துடுச்சு சார்," என்றார் டைக்காரர் இனிமையாக. "நாங்க நேத்தே சொல்லியிருப்போம். அடுத்தவங்க சரக்கைப் பத்திப் பேசறது எங்க கம்பெனி பண்பாடு இல்ல. அதான் சொல்லல."

"இப்ப சொல்லிட்டீங்களே," என்றார் பயிற்சியாளர். "என் பூச்சு ஒரு ராத்திரியில போறது இல்ல. யாரோ மெஷின் போட்டுக் கெடுத்திருக்காங்க."

இருவரும் பார்த்துக்கொண்டார்கள். எதிர் வீட்டில் புதுக் கார் வந்து நின்றால் ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. நடுவில் ஒரு தீக்குச்சியை நீட்டியிருந்தால் பற்றியிருக்கும்.

முதலாளி கைகளைப் பிசைந்தார். "பூச்சுதான் கெட்டுச்சுன்னா, நாளைக்குக் கஸ்டமர் வண்டியெல்லாம் இப்படி ஆகும். நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான். யாராவது கெடுத்தாங்கன்னா, நல்ல சரக்கை நான் கோட்டை விடக் கூடாது. இந்த டிரெய்னர் மேடம் மத்தியானம் ஊருக்குக் கிளம்பறாங்க. அதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

"நான் இப்படியே கிளம்பினா," என்றார் பயிற்சியாளர், "இந்த ஆளு டையை ஆட்டிக்கிட்டுப் போற இடமெல்லாம் என் வேலை வெளுத்துப் போச்சுன்னு சொல்லுவாரு. அப்புறம் என்னை எந்தக் கடையிலயும் உள்ள விட மாட்டாங்க."

"பயிற்சி யாருக்கு?" என்று கேட்டார் அண்ணி.

"எங்க கூடத்துக்கு வந்து ஒரு மாசம் தங்கிக் கத்துக்கணும் மேடம். ஒரு கடைக்கு ஒரே சீட்டு," என்றார் பயிற்சியாளர்.

"நான்தான் போறேன்," என்றார் முதலாளி. சொல்லும்போதே பயணப் பை கட்டிவிட்ட முகம்.

"நாங்க அப்படி இல்ல சார்," என்று டைக்காரர் நுழைந்தார். "கடைக்கே வந்து சொல்லிக் குடுப்போம். யாரு வேணா நின்னு பார்க்கலாம், கத்துக்கலாம். தெருவுல போறவங்ககூட வரலாம்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பில் போடும் மேஜையில், இடுப்பில் கடைச் சாவிக்கொத்தோடு, முதலாளியின் மனைவி உட்கார்ந்திருந்தார். மேஜை டிராயரை ஒரு முறை திறந்து மூடினார்.

அண்ணி எழுந்து பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். பானெட்டின்மேல் குனிந்து, ஊர்ந்து, முகர்ந்து பார்த்தார். நக்கிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் பாக்கி.

"தம்பி, இங்க வாங்க. ஓரத்தைப் பாருங்க."

பார்த்தேன். வெளுப்பு, காரின் முன்விளக்கை ஒட்டிய ரப்பர் வரை போகவில்லை. ஒரு விரல் அகலத்துக்கு முன்னாலேயே நேர்கோட்டில் நின்றிருந்தது. அந்தச் சின்ன ஓரம் மட்டும் பளபளவென்று இருந்தது.

"பூச்சு தானா கெட்டா ஓரம் வரைக்கும் கெடணும். இது வாசல்ல நின்னு செருப்பைக் கழட்டின மாதிரி மரியாதையா நின்னிருக்கு. ரப்பர்ல கறை படக் கூடாதுன்னு டேப் ஒட்டிட்டு, அப்புறம்தான் கெடுத்திருக்காங்க."

"கழுத்தை அறுக்க வந்தவன், சட்டைக் காலர்ல ரத்தம் படாம இருக்கத் துண்டு போர்த்தின மாதிரியா?"

"அதே மாதிரி."

பயிற்சியாளரின் தோள்கள் ஓர் அங்குலம் இறங்கின. அவர் பெயர் பிழைத்தது. முதலாளி அவரைப் பார்த்துத் தலையாட்டினார். டைக்காரர் மட்டும் கைக்குட்டையைத் தேடினார்.

நான் மேடைக்கு வந்தேன். "வழக்கு முடிஞ்சுது. இடது பாதி கெட்டா யாருக்கு லாபம்? வலது பாதிக்கு. ஐயா, டையைக் கழட்டிக் குடுங்க, கையைக் கட்டணும்."

"சார், என்ன சார்!"

"கொஞ்சம் இருங்க," என்றார் அண்ணி. பயிற்சியாளரிடம் ஸ்பிரிட் வாங்கி, துணியில் நனைத்து, டைக்காரரின் வலது பாதியில் ஓர் இடத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தில், சிலந்தி குடும்பத்தோடு வந்து வலை பின்னியதுபோல், பழைய கீறல்கள் அத்தனையும் மேலே எழுந்தன.

"கீறலை எடுக்கல. எண்ணெயை அடைச்சு மூடி வச்சிருக்கீங்க. ரெண்டு தடவை கழுவினா எல்லாம் வெளியில வந்துடும்."

"அது... அது எங்க புது டெக்னாலஜி மேடம்."

"பார்த்தீங்களா!" என்று குதித்தேன். "திருடன் கையும் எண்ணெயுமா மாட்டிக்கிட்டான்."

"இது வேற திருட்டு தம்பி." அண்ணி அலமாரியிலிருந்து பட்டறையின் பாலிஷ் மெஷினை எடுத்து, பஞ்சுத் தலையில் பாலிஷ் தடவி, டைக்காரரிடம் நீட்டினார். "கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க."

"நேத்து எங்க டெக்னீஷியன்தான் செஞ்சாரு. முடிச்ச கையோட பஸ் ஏறி ஊருக்குப் போய்ட்டாரு. நான் விற்பனைப் பக்கம்."

"சும்மா காட்டுங்க."

அவர் மெஷினை, அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்குவதுபோல் உடம்பில் படாமல் பிடித்து, வானத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு சுவிட்சை அழுத்தினார்.

பாலிஷ் மழை. கண்ணாடியில், கூரையில், முதலாளியின் மீசையில், ஊதா டையில். மிச்சம் மீதி மொத்தமும் என் வெள்ளைச் சட்டையில். அண்ணி மட்டும் சரியான நேரத்தில் காருக்குப் பின்னால் போயிருந்தார். அவருக்கு எல்லாமே ஒரு விநாடி முன்னால் தெரிந்துவிடும். இதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை.

"முதல்ல பெயிண்ட்மேல வைக்கணும், அப்புறம்தான் சுவிட்ச்," என்றார் பயிற்சியாளர், கன்னத்தைத் துடைத்தபடி. "முதல் நாள் வகுப்பு."

"கெடுத்தவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கு," என்றார் அண்ணி. "அவங்க ஓட்டினப்ப கண்ணாடியில ஒரு சொட்டுகூடத் தெறிக்கல. காலைல நான் வந்ததும் பார்த்தேன். இவரு இல்ல."

டைக்காரர் மாதிரிப் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினார். போகும்போது பண்பாட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பயிற்சியாளர் இடது பாதிமேல் குனிந்திருந்தார். "ஒண்ணு சொல்லட்டுமா மேடம்? கெடுத்த ஆளு சாதாரண ஆளு இல்ல. ஒரே அழுத்தம், ஒரே வேகம். எங்கேயும் பெயிண்ட் சூடாகல. மேல் மினுமினுப்பை மட்டும் கெடுத்திருக்காங்க. திரும்ப மெஷின் போட்டா வந்துடும். இவ்வளவு சீராக் கெடுக்க எனக்கே வராது." கடைசி வாக்கியத்தில் கோபம் கொஞ்சம்தான் இருந்தது. மீதி முழுவதும் அடுத்தவர் கையெழுத்து தன் கையெழுத்தைவிட அழகாக இருப்பதைப் பார்த்த பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல்.

அண்ணி அலமாரிக்குப் போனார். அங்கே மெஷினுக்கு மாட்டும் பஞ்சுத் தலைகள் வரிசையாக இருந்தன. பேட் என்பார்கள். ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். ஈரம்.

"இதையெல்லாம் யாரு கழுவறது?"

"பேடா?" என்றார் முதலாளி, மீசையைத் துடைத்துக்கொண்டே. "அதை எதுக்கு மேடம் கழுவணும்?"

"சாயங்காலம் வேலை முடிஞ்சா எப்படி இருக்கும்?"

"மெழுகும் அழுக்குமா இருக்கும். அப்படியே போட்டுட்டுப் போவேன்."

"காலைல வந்தா?"

"சுத்தமா இருக்கும்."

"நடுவுல என்ன நடக்குது?"

முதலாளி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "நடுவுல ராத்திரி மேடம்."

பயிற்சியாளர் அவரைப் பார்த்த பார்வையில் எந்தப் பெயிண்டும் உரிந்திருக்கும்.

"பேடுங்க எல்லாம் ராத்திரி எந்திரிச்சுப் போய்க் குளிச்சுட்டு, தலை துவட்டிக்கிட்டு வந்து படுத்துக்கும் போல," என்றேன். "என் சட்டைக்கும் அந்தப் பழக்கத்தைச் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க."

சட்டையை அலசப் பின்பக்கம் போனேன். குழாயடிக்குப் பக்கத்தில் உதவாத சாமான்கள். உடைந்த ஏணி, கிழிந்த இருக்கை, சாக்கு போர்த்திச் சுவரில் சாய்த்திருந்த ஒரு பழைய கார்க் கதவு. சட்டையைப் பிழிய இடம் வேண்டுமென்று சாக்கை இழுத்தேன்.

உள்ளே நான் இருந்தேன்.

பொய்யில்லை. அந்தக் கதவில் என் முகம் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. மூக்கிலிருக்கும் முடியை எண்ணலாம். என் அப்பா ஜாடை என்னிடம் இருப்பதை அன்றுதான் கவனித்தேன். கதவின் மேல் பாதி கறுப்புக் கண்ணாடி, கீழ்ப் பாதி சொறி பிடித்த தகரம். தலையை நன்றாக வாரிக்கொண்டு, ஈரச் சட்டையோடு உள்ளே ஓடினேன்.

"அண்ணி, ஒரு கண்ணாடி கண்டுபிடிச்சிருக்கேன். இதை நான்தான் கண்டுபிடிச்சேன். எழுதி வச்சுக்கணும்."

அண்ணி வந்து பார்த்தார். கதவின் மேல் விரலை ஓட்டினார். விரலுக்குப் பின்னால் ஒரு தடம்கூட விழவில்லை.

"பிரமாதம் தம்பி," என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை. ஒரு சுற்று பருத்தேன்.

"அப்ப குற்றவாளி யாருன்னு நானே சொல்றேன். அந்தம்மா. முதலாளியோட சம்சாரம். காலைல கடையைத் திறக்கறது அவங்கதான், சாவி அவங்ககிட்ட இருக்கு. காரணம் என்னன்னா," என்று குரலைத் தாழ்த்தினேன், "புருஷன் ஒரு மாசம் அந்த நீல ஓவரால் அம்மாகூடப் போய்த் தங்கிக் கத்துக்கப் போறாரு. எந்தப் பொண்டாட்டி பொறுத்துப்பா? வயிறு எரிஞ்சிருக்கு. மெஷின் போட்டுட்டாங்க."

"முதல் பாதி சரி," என்றார் அண்ணி. "வாங்க, மீதிப் பாதியை அவங்ககிட்டயே கேட்போம்."

கண்ணாடித் தடுப்புக்குள் போனோம். முதலாளியம்மா பில் மெஷினுக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். மேஜையில் இருந்த எல்லாமும் ஒன்றுக்கொன்று நேராக இருந்தன, பேனா உட்பட.

"பின்னாடி கதவைப் பார்த்தோம்," என்றார் அண்ணி.

அந்தம்மா பேனாவை எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"அம்மா, பயப்படாதீங்க," என்று ஆறுதல் சொன்னேன். "புருஷன்மேல பாசம் இருந்தா இந்த மாதிரி பொறாமை எல்லாருக்கும் வர்றதுதான். அந்த டிரெய்னர் அம்மாகூட அவரை அனுப்ப மனசு வரல. அதானே?"

முதலாளியம்மா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சத்தமாக, மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வருமளவுக்கு.

"அவரையா? சார், அந்த மனுஷனை யாராவது ஒரு மாசம் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா, நானே சோப்பு, சீப்பு, துண்டு எல்லாம் குடுத்து வாசல்ல நின்னு கையாட்டுவேன். அவங்க பாவம். திருப்பி அனுப்பாம இருந்தா சரி."

"அப்ப..." என்றேன். நான் கட்டிய கோட்டை இடிந்து என் தலையிலேயே விழுந்துகொண்டிருந்தது.

"எனக்கு அவங்கமேல பொறாமை இல்ல சார்." சிரிப்பு நின்றுவிட்டது. "அவரு மேல."

அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சர்வேயர்கள் உட்கார்ந்தால், எதிரில் இருப்பவர் பேசத்தான் வேண்டும்.

"கடை ஆரம்பிச்ச நாள்லேருந்து இந்தக் கண்ணாடி வழியா அவரு கையைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். எந்த இடத்துல அழுத்தறாரு, எங்க தப்பு பண்றாரு, எல்லாம் தெரியும். அவரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாரு. அந்த நேரத்துல பின்னாடி போய் அந்தக் கதவுல போட்டுப் பார்ப்பேன். கெட்டுப் போகும். திரும்பப் போடுவேன். ஆனா பூச்சு பூசறது எனக்குத் தெரியாது. அதைப் பார்த்துக் கத்துக்க முடியல. யாராவது சொல்லிக் குடுத்தாத்தான் வரும்."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"பயிற்சிக்கு யாரு போறதுன்னு பேச்சு வந்தப்ப, நானான்னு கேட்டேன். விளையாடறியான்னு சிரிச்சாரு. கெட்ட மனசோட சிரிக்கல. நிஜமாவே வேடிக்கைன்னு நினைச்சு சிரிச்சாரு. அதுதான் தாங்கல." பேனாவை மறுபடியும் நேராக்கினார். "அந்த டை கட்டின ஆளு சரக்கு மட்டம்னு எனக்கு நேத்தே தெரியும். ஆனா அவங்க கடைக்கே வந்து சொல்லிக் குடுப்பாங்க, யாரு வேணா பார்க்கலாம்னாங்க. அப்ப நானும் பார்க்கலாம்ல? இந்தம்மா வந்தா ஒரே சீட்டு. அதுவும் அவருக்கு. காலைல கடையைத் திறந்தேன். அந்த இடது பக்கத்தைப் பார்த்தேன். எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா? பார்க்கப் பார்க்கப் பத்திக்கிட்டு வந்துச்சு."

"கெடுத்துட்டு, பேடைக் கழுவி வச்சீங்க."

"கழுவாம வச்சா மெழுகு இறுகிடுமே!" என்றார் பதறிப்போய். அவர் செய்த குற்றத்துக்குக்கூட அப்படிப் பதறவில்லை.

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி தரையைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தால் உள்ளே சிரிக்கிறார் என்று அர்த்தம். ஆக, சிரிக்கத் தெரிந்தவர்தான். எனக்கு மட்டும்தான் இல்லை.

"வெளியில சொல்லப் போறீங்களா?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"பூச்சு கெடல, யாரோ கெடுத்தாங்கன்னு மட்டும் சொல்லிட்டு நான் கிளம்பலாம். அவரு கையெழுத்துப் போட்டுட்டு, ஒரு மாசம் போய்ட்டு வருவாரு. நீங்க இங்கேயே உக்காந்து பேனாவை நேராக்கிக்கிட்டு இருக்கலாம்." அண்ணி எழுந்தார். "இல்லேன்னா, யாருன்னு நீங்களே சொல்லலாம். திட்டு விழும். எவ்வளவு விழும்னு என்னால சொல்ல முடியாது."

முதலாளியம்மா வளையல்களைக் கழற்றினார். ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்கி வைத்தார். பிறகு எழுந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, பட்டறைக்குள் நடந்து, காரின் முன்னால் போய் நின்றார்.

"நான்தாங்க கெடுத்தேன்."

முதலாளி சிரித்தார். மறுபடியும். பிறகு யாருமே கூடச் சிரிக்கவில்லை என்று கண்டு, சிரிப்பை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார். "நீயா? உனக்கு மெஷினோட சுவிட்ச் எங்க இருக்குன்னு தெரியுமா? மூணு வருஷ ஒப்பந்தம்! ஊர் முன்னாடி இவங்களை அவமானப்படுத்தி... எதுக்கு? உனக்கு என்ன குறை வச்சேன்?"

அந்தம்மா பயிற்சியாளரிடம் திரும்பினார். "மன்னிச்சுக்குங்க. உங்க வேலை நல்லா இருந்துச்சு. அதனாலதான்."

பயிற்சியாளரின் முகம் சிவந்தது. அறைவார் என்றுதான் நினைத்தேன். காலி பக்கெட்டுக்குப் பின்னால் ஒதுங்கக்கூடச் செய்தேன். ஆனால் அவர் மெஷினை எடுத்து, அந்தம்மாவின் கையில் திணித்தார்.

"கெடுத்ததை எடுங்க. என் கண் முன்னாடி. எடுக்க வரலேன்னா, யாரோ ஒருத்தர் பழியை நீங்க சுமக்கறீங்கன்னு முடிவு பண்ணிடுவேன்."

முதலாளியம்மா டேப்பை எடுத்தார். ரப்பர் ஓரமெல்லாம் ஒட்டினார். கழுவி வைத்த பேடில் பொட்டுப் பொட்டாகப் பாலிஷ் வைத்து, மெஷினைப் பெயிண்ட்மேல் படுக்க வைத்தார். பிறகுதான் சுவிட்ச்.

அதற்கப்புறம் நடந்ததை விவரிக்க எனக்கு வயது போதாது. வண்டியைத் தேய்க்கிறார் என்று சொல்லவே முடியாது. தூங்குகிற பிள்ளையின் முதுகைத் தடவுவதுபோல் கை போனது. கட்டம் கட்டமாக, குறுக்கும் நெடுக்குமாக. வெளுப்பு ஒரு வரியாக விலக, அடியிலிருந்து கறுப்பு எழுந்து வந்தது. சும்மா கறுப்பில்லை, ஆழமான கறுப்பு. கையை விட்டால் முழங்கை வரை நனையும் என்று தோன்றியது. தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள். ஒரு காக்கை பறந்துவந்து, தன்னையே பார்த்துவிட்டு மிரண்டு போனது. சத்தியமாக.

மெஷின் நின்றது. துணியால் துடைத்து, ஸ்பிரிட் போட்டும் துடைத்தார். ஒரு கீறல் எழவில்லை.

பயிற்சியாளர் குனிந்து, நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். "இதுக்கு மேல பூச்சு பூசினா," என்றார், "நேத்து என் பாதி இருந்ததைவிட நல்லா வரும்." அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு செலவானது என்று முகத்தில் தெரிந்தது.

முதலாளி பானெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வடிந்து அந்த இடத்தில் வேறு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு அது நல்ல பழக்கமான சரக்கு. அண்ணி பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் என் முகத்தில் ஏறுவதும் அதுதான்.

"மேடம்," என்று பயிற்சியாளரிடம் கேட்டார். குரல் பாதியாகிவிட்டிருந்தது. "என் கையைவிட நல்லா இருக்கா?"

"இருக்கு."

"கொஞ்சமாவா?"

பயிற்சியாளர் ஒப்பந்தத்தை நீட்டினார். முதலாளி பேனாவைப் பிடித்தபடி நின்றார். அந்தம்மா மெஷினை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"சீட்டு..." என்று தொடங்கித் தொண்டையைக் கனைத்துக்கொண்டார் முதலாளி. "சீட்டு அவளுக்கே குடுங்க. அவளே போகட்டும். நான் கடையைப் பார்த்துக்கறேன்." கையெழுத்தைப் போட்டார். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டார்.

அண்ணி பையை எடுத்துக்கொண்டார். வேலை முடிந்துவிட்டது. ஆனால் எனக்குக் கால் நகரவில்லை. முதலாளி மெதுவாக மனைவியின் பக்கத்தில் போய், டைக்காரர் விட்டுப்போன வலது பாதியைக் காட்டினார். அங்கே கீறல்கள் இன்னும் அப்படியே கிடந்தன.

"இதுல நான் ஒரு தடவை போடட்டுமா? நீ நின்னு பாரு. எங்க தப்பு பண்றேன்னு சொல்லு." மெஷினுக்காகக் கையை நீட்டினார். "யாரும் இல்லாதப்ப சொல்லு. அவங்க போனப்புறம்."

முதலாளியம்மா மெஷினைக் கொடுக்கவில்லை. நீட்டிய கையைப் பார்த்தார்.

"முதல்ல அந்தக் கல்யாண மோதிரத்தைக் கழட்டுங்க."

முதலாளியின் முகத்தில் ரத்தமே இல்லை. "ஏம்மா, ஒரு பானெட்டுக்காக இவ்வளவு தூரம்..."

"பெயிண்ட்ல கீறும்ங்க," என்றார் அந்தம்மா.